எல்லோருக்கும் முன்னால் உங்களுக்கு

பிப்ரவரி 3

அன்பு மகள் துரும்புக்கு,

உன் பெரியப்பா எழுதுவது. யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். இந்த வீட்டில் இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் அதே துரும்புதானா?

இந்த நாலு வரிக்கே காலைப்பொழுது போய்விட்டது. போகட்டும், என் வயதில் பொழுதுக்கு என்ன பஞ்சம்? முதியோர் வகுப்பு டீச்சர், "தாத்தா, உங்களுக்கு எழுத்தெல்லாம் வந்தாச்சு, யாருக்காவது கடிதம் எழுதுங்க" என்றார். உன்னை விட்டால் எனக்கு யார்?

இப்போதெல்லாம் தெருவில் என்னால் ஒழுங்காக நடக்க முடியவில்லை. மருந்துக்கடைப் பலகை, பேருந்தின் நெற்றி, தீப்பெட்டி மூடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் படித்து முடித்துத்தான் நகர்கிறேன். பழைய கிடங்குச் சுவரில் 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். அதை அடித்தவனே நான்தானம்மா. பெயின்டராக இருந்தபோது, எழுத்து வெட்டிய தகட்டை வைத்து அடித்தேன். அடித்து முடித்துவிட்டு என் சைக்கிளை அதன் கீழேயே நிறுத்தியிருந்தேன். முதலாளி ஏன் அப்படிக் கத்தினார் என்று இப்போதுதான் தெரிகிறது.

சொல்ல வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். உன் பெரியம்மாவின் தொண்டைக் கட்டி மருந்துக்குக் கேட்கவில்லை. குரல்வளையையே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். உயிருக்குப் பயமில்லையாம். பேச்சுதான் இருக்காது. சந்தையில் ஏலம் கூவியவள் அவள். இந்த மூலையில் அவள் விலை சொன்னால் அந்த மூலையில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்ப இருக்குற வரைக்கும் நான் பேசிக்கிறேன், நீ குறுக்க பேசாத" என்றாள்.

நீ போனில் கூப்பிடாதே. போனில் படிப்பதற்கு என்ன இருக்கிறது? கடிதம் எழுது. உன் வேலை என்னவென்றும் எழுது. இத்தனை வருடமாகக் கேட்பவர்களிடம் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லியே சமாளிக்கிறேன்.

நீ நன்றாயிருக்க வேண்டும் என்று நினைக்கும்,
பெரியப்பா

பிப்ரவரி 21

அன்புள்ள பெரியப்பாவுக்கு வணக்கம்.

நான் சுகமாக இருக்கிறேன், கொஞ்சம் இருமல் மட்டும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பெரியம்மா சரியாகத் தூங்குகிறார்களா?

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துத்தான் பிரித்தேன். முதல் பக்கத்தில் சிரித்து, அடுத்த பக்கத்தில் அழுதேன். பக்கத்து மேசைக்காரி பயந்துவிட்டாள். டாக்டரிடம் பேசினேன். வேறு வழியில்லை என்றுதான் அவரும் சொல்கிறார்.

ஆனால் ஒன்று செய்யலாம். எங்கள் கம்பெனி 'பேசும் பலகை' என்று ஒரு செயலி செய்கிறது. படத்தைத் தொட்டால், அதில் பதிந்துவைத்த குரல் பேசும். போன தடவை வந்தபோது பெரியம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தேனே, அதுதான். ஆபரேஷனுக்கு முன்னால் பெரியம்மா தன் சொந்தக் குரலிலேயே வேண்டியதையெல்லாம் பதிந்துவிடட்டும். தண்ணீர், வலி, ஜன்னலைத் திற, எதுவானாலும்.

என் வேலையைக் கேட்டீர்கள். இந்தச் செயலியை அவ்வப்போது மாற்றி வெளியிடுவோம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சோதித்துப் பார்த்து முடித்தது. நம்பி எடுத்துக்கொள்ளலாம். நிலையான பதிப்பு என்று பெயர். மற்றது வேலை முடியாதது. குறை இருந்தால் எடுத்துச் சொல்லட்டும் என்று, துணிந்தவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே கொடுப்பது. அது முன்னோட்டப் பதிப்பு. இதை அதுவென்று நினைத்து யாரும் எடுத்துவிடக் கூடாது. அதற்கு எந்தச் சொல், எந்த இடத்தில், எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று பார்ப்பதுதான் என் வேலை. அங்கே வரும் வரிகளை நான்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: 'முன்னோட்டம்' என்ற சொல்லைப் பார்த்தால் தொடாதீர்கள்.

அன்புடன்,
துரும்பு

மார்ச் 14

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உனக்கு இருமல் விட்டதா?

உன் வேலை எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. 'ஈரம், தொடாதே' என்று பலகை மாட்டுவோமே, அதுதானே? நானும் எத்தனையோ கதவில் மாட்டியிருக்கிறேன். ஒருமுறை தலைகீழாக மாட்டிவிட்டேன். அந்த வீட்டு வக்கீல் சாய்ந்து, கோட்டெல்லாம் பச்சை. "உனக்குப் படிக்கத் தெரியாதா?" என்று குதித்தார். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அன்றோடு அந்த வீட்டு வேலை போயிற்று.

'முன்னோட்டம்' என்ற சொல்லைச் சிலேட்டில் எழுதி எழுதிப் பழகிக்கொண்டேன். பெரிய சொல். இரண்டு சுழிகளைத் தாண்டி, ஒரு கொம்பை ஏறி இறங்கினால் வந்துவிடும். இனி அது எந்தக் கூட்டத்தில் ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவேன்.

பதிவு நடக்கிறது. நான் படத்தைக் காட்டுகிறேன், அவள் பேசுகிறாள். 'தண்ணீர் வேண்டும்' என்று சொல்லச் சொன்னால், "தண்ணி கொண்டா, நடந்து வா, தவழ்ந்து வராத" என்கிறாள். ஜன்னல் படத்துக்கு, "தொறந்து விடு, உன் கொறட்டையாவது வெளிய போகட்டும்." உன் போட்டோவுக்கு, "துரும்பு, சாப்பிட்டியாடி? பொய் சொல்லாத." குரல் கம்மிவிட்டது, ஆனாலும் அவள் குரல்தான். ஒவ்வொன்றும் பதிந்த பிறகு இருமுகிறாள். இரும்பைத் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு, "அடுத்தது எடு" என்கிறாள்.

இடையில் போன், 'நகலை வெளியே சேமிக்கவா?' என்று கேட்டது. படித்துச் சொன்னேன். "என் திட்டு என் வீட்டைத் தாண்டக் கூடாது" என்று சொல்லி, வேண்டாம் என்பதை அவளே அமுக்கிவிட்டாள்.

இப்படிக்கு,
எழுத்து ஆசாமி, உன் பெரியப்பா

ஏப்ரல் 2

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

நலம். இருமல் விட்டது.

நகல் வேண்டாம் என்றதைப் படித்துச் சிரித்தேன். பெரியம்மா சொன்னால் சொன்னதுதான். போனைத் தண்ணீரில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

இங்கே கொஞ்சம் இழுபறி. முன்னோட்டப் பதிப்பை எடுத்துப் பார்க்க ஆள் போதவில்லை, அந்தச் சொல்லே ஆட்களை விரட்டுகிறது என்கிறார் மேனேஜர். ஆசையாக ஒரு வரி எழுதச் சொல்கிறார். "பயப்பட வேண்டியவங்க பயப்படட்டும் சார்" என்றேன். "நீ கடைக்கு ஆள் கூப்பிடுறியா, இல்ல கதவைச் சாத்துறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆபரேஷன் சமயத்தில் வர லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

பெரியம்மாவின் கையை எனக்காக ஒருமுறை பிடித்துக்கொள்ளுங்கள்.

துரும்பு

மே 5

அன்பு மகளுக்கு,

கண்டம் தாண்டியது. உன் பெரியம்மா வீடு வந்துவிட்டாள். கழுத்தில் துளை, அதற்கு மேல் வெள்ளைத் துணி. வாயைத் திறந்தால் கழுத்தில் காற்று மட்டும் வருகிறது. முதல் நாள் அதைப் பார்த்ததும் நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது உள்ளேயிருந்து, "யோவ் பெயின்டர்!" என்று கூப்பிட்டாள்.

அவள் குரல். என் போட்டோவுக்கு என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பதிந்தது அதுதான் போலிருக்கிறது. மாடி வீட்டு நர்ஸம்மா ஓடிவந்து, "அக்கா பேசுறாங்களா?" என்று கேட்டார். "பேசுறது எங்க, ஏசுறா" என்றேன். நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு மட்டும் என்ன?

நாளெல்லாம் போனை அமுக்கிக்கொண்டே இருக்கிறாள். தண்ணீர் வேண்டாதபோதும் தண்ணீர் கேட்கிறாள். நான் கொண்டுபோனால் திருப்பி அனுப்புகிறாள். அவளுக்கு வேண்டியது தண்ணீரா? நானும் தவழ்ந்தே போகிறேன், இன்னொரு தடவை கேட்கலாமென்று.

நீ நூறு வயது இருக்க வேண்டும்.

பெரியப்பா

மே 27

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலமே. உங்கள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அந்த வரியைக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன வரி என்று கேட்காதீர்கள், எனக்கே பிடிக்கவில்லை. செயலியை அதிகம் பயன்படுத்துகிறவர்களுக்கு முதலில் அனுப்புவார்களாம். எப்போது, யார் யாருக்கு என்பதெல்லாம் என் கையில் இல்லை.

பெரியம்மா கழுத்துத் துணியைத் தினமும் மாற்றுகிறார்களா? நர்ஸம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

துரும்பு

ஜூன் 12

அன்பு மகள் துரும்புக்கு,

இங்கே எல்லோரும் நலம். அவசரமாக எழுதுகிறேன். என் அவசரம் உனக்குத் தெரியுமே, நாலு வரிக்கு அரை நாள்.

நீ எழுதிய வரி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது! காலையில் போனைத் திறந்ததும் வந்து நின்றது. 'எல்லோருக்கும் முன்னால் உங்களுக்கு! உங்கள் பேசும் பலகை இன்னும் அழகாகப் பேசப் போகிறது.' படித்ததும் தெரிந்துகொண்டேன், நீதான். பிடிக்கவில்லை என்றாயே, அடி அசடே, எவ்வளவு நல்ல வரி! உன் பெரியம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "துரும்பு நமக்குத்தான் முதல்ல அனுப்பியிருக்கா பாரு" என்றேன். அவள் உன் போட்டோவைத் தொட்டு, "சாப்பிட்டியாடி?" என்று கேட்டாள்.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அமுக்குவதற்கு முன்னால் அந்தப் பெரிய சொல் எங்காவது இருக்கிறதா என்று விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தேடினேன். இல்லை. இன்னொரு முறை தேடினேன். இல்லை. பிறகுதான் 'சரி' என்பதை அமுக்கினேன்.

இப்போது போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது நிற்பதற்குள் இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்,
பெரியப்பா

ஜூன் 25

மகளே,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

நர்ஸம்மாவின் போனில் நீ அழுததில் பாதி எனக்கு விளங்கவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். வட்டம் நின்றதும் அவள் தண்ணீர் படத்தைத் தொட்டாள். யாரோ ஒரு பெண், செய்தி வாசிப்பதுபோல், "தயவுசெய்து எனக்குத் தண்ணீர் தாருங்கள்" என்றாள். என் பெண்டாட்டி என்னிடம் தயவு கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னலைத் தொட்டாள், அதே பெண். என் போட்டோவைத் தொட்டாள். "பெயரில்லாத நபர்" என்றது. உன் போட்டோவைத் தொட்டாள். அதற்கும், "பெயரில்லாத நபர்."

மறுபடி மறுபடி தொட்டாள். விரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள்.

நீ சொன்னபடி நர்ஸம்மா பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். படங்கள் வந்தன. தொட்டால் ஒரு சத்தமும் இல்லை. போனை உனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் ஆட்கள் பெரிய படிப்பாளிகள், குரலைத் திரும்ப எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல். அந்தச் சொல் அங்கே இருந்ததா? என் கண்ணில்தான் படவில்லையா?

பெரியப்பா

ஜூலை 15

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மா எப்படி இருக்கிறார்கள்? சாப்பாடு இறங்குகிறதா?

போன் வந்து சேர்ந்தது. இங்கே மூன்று பொறியாளர்களிடம் கொடுத்துப் பார்த்தேன். புதிய பதிப்பு பழைய பதிவுகளை வேறு வடிவத்துக்கு மாற்றுமாம். மாற்றிய பின் மூலத்தை அழித்துவிடுமாம். சில போன்களில் மாற்றம் பாதியிலேயே நின்றுவிட, அழிப்பது மட்டும் நடந்திருக்கிறது. 'குறை பதிவு செய்யப்பட்டது' என்று எனக்கே ஒரு பதில் அனுப்பியிருக்கிறார்கள். என் பக்கத்து மேசையிலிருந்து.

அழிந்த இடத்தில் வேறு எழுதப்பட்டுவிட்டது, திரும்ப எடுக்க முடியாது என்று மூவரும் சொல்லிவிட்டார்கள். நான்காவதாக வெளியே ஒருவரிடமும் காட்டினேன். அவரும் தலையைத்தான் ஆட்டினார்.

போனைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் முழங்காலுக்கு ஒரு தைலமும் வைத்திருக்கிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுத் தடவுங்கள்.

துரும்பு

ஆகஸ்ட் 9

அன்பு மகளுக்கு,

தைலம் கிடைத்தது. நல்ல வாசனை. முழங்கால் பரவாயில்லை.

போனும் வந்தது. அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு துணி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். இப்போது கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறாள். முதுகு திரும்பியிருந்தால் மாடி வீட்டில் தட்டுகிறார்களா, இவள் தட்டுகிறாளா என்று தெரியவில்லை. நான் எல்லாத் தட்டுக்கும் எழுந்து போகிறேன். சில சமயம் அவள் தட்டியிருக்கவே மாட்டாள், என்னைப் பார்த்து விழிப்பாள்.

டீச்சர் வகுப்பில் என்னைப் படிக்கச் சொன்னார். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பெரியம்மாவின் மருந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், நர்ஸம்மாவைப் படித்துக் காட்டச் சொல்கிறேன். "உங்களுக்குத்தான் படிக்கத் தெரியுமே, ஐயா?" என்கிறார். தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இருக்கும் ஒரு சொல்லை இல்லை என்று படித்தவன், 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்பதை எப்படிப் படிப்பேனோ?

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ அலைச்சலில் கவனித்திருக்க மாட்டாய். அந்தச் சொல் எந்த வரியில் இருந்தது என்று மட்டும் எழுது. மேலேயா, கீழேயா, ஓரத்திலா? என் கண் எங்கே தவறுகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தில் கவனமாயிருப்பேன். டீச்சரையும் அதற்குத் தகுந்தபடி பயிற்சி கொடுக்கச் சொல்லலாம்.

பெரியப்பா

செப்டம்பர் 4

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன், பொய் இல்லை.

பெரியம்மா தட்டுவதற்குப் பதிலாக மணி ஒன்று அனுப்பியிருக்கிறேன். மேசையில் வைத்து அமுக்கினால் போதும். கழுத்துத் துணிக்கு மெல்லிய பருத்தி நல்லதாம், அதையும் சேர்த்து அனுப்புகிறேன். அடுத்த மாதமாவது லீவு தருவதாகச் சொல்கிறார்கள்.

பெரியப்பா, தயவுசெய்து வகுப்பை விட்டுவிடாதீர்கள். உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுகிறேன், எல்லாவற்றையும்.

துரும்பு

அக்டோபர் 1

அன்பு மகள் துரும்புக்கு,

இருவரும் நலம். மணி நன்றாக அடிக்கிறது. உன் பெரியம்மா அதை ஏலம் முடிப்பதுபோல் ஓங்கி அடிக்கிறாள். துணியும் மெத்தென்று இருக்கிறதாம், தடவிக் காட்டினாள்.

இதை வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால், என்ன எழுதினாய் என்று விரலைக் காட்டுவாள்.

அந்த அடுத்த கடிதத்தை எழுதாதே அம்மா.

நீ ஏப்ரல் மாதம் எழுதிய கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தச் சொல் ஆட்களை விரட்டுகிறது என்று சொன்னார்களே, அந்தக் கடிதம். வந்த அன்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்ததில் விஷயம் எனக்கு எட்டவில்லை. இப்போது எட்டிவிட்டது. நான் சரியாகத்தான் படித்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால் சந்தோஷமாயிருக்கும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் பெரியம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. மெஷின் கெட்டது, துரும்பு வந்து சரிசெய்வாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். முடியாது என்று நீ ஜூலையில் எழுதியதையும் படித்துக் காட்டினேன். அதற்கு அவள் உன் போட்டோவைக் காட்டி, போனைக் காட்டி, பொறு என்பதுபோல் கையை அமர்த்தினாள்.

உன் கடிதம் வந்தால் முதலில் அவளிடம்தான் போகும். தபால்காரர் மணி அடித்தால் வாசலுக்கு இப்போது அவள்தான் முந்துகிறாள். அவளே பிரித்து, என் மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து, வாய்விட்டுத்தான் படிப்பேன். வாயை மூடிக்கொண்டு படிக்க எனக்கு இன்னும் வரவில்லை. அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். விரல் ஒரு வரியைத் தாண்டினால் கையைப் பிடித்து, தாண்டிய இடத்திலேயே கொண்டுவந்து வைப்பாள். போன கடிதத்தில் கடைசி வரிகளை அப்படித்தான் படிக்க வைத்தாள். எதற்குப் பதில், என்ன கேட்டாய் என்று கையை விரித்தாள். முழங்காலுக்கு வேறு தைலம் கேட்டேன் என்று சொன்னேன்.

இன்றைக்கு டீச்சரிடம் கேட்டேன், "ஒண்ணு எழுதியிருக்க, அதப் பாத்துக்கிட்டே வேற ஒண்ணப் படிக்கிறதுக்கு எப்படிப் பழகுறது டீச்சர்?" அவர் சிரித்துவிட்டார். "அது எந்தப் பாடத்துலயும் இல்லையே தாத்தா" என்றார்.

அதனால் நீ வேறு ஏதாவது எழுது. அங்கே மழை பெய்ததா, பக்கத்து மேசைக்காரிக்குக் கல்யாணம் நிச்சயமானதா, என்ன சமைத்தாய், எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று எதையாவது எழுது. கொஞ்சம் நீளமாகவே எழுது. நான் அவளுக்கு எல்லாவற்றையும் உரக்கப் படித்துக் காட்டுகிறேன்.

என்றும் உன்
பெரியப்பா